குடியிருந்தோரும் நிலமுடையோரும்
வட சிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாற்றில் ஒரு வினா

ஒரு வட்டாரத்தின் நிலவரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இருவகைச் சான்றுகள் கிடைக்கும். நிலம் யார் பெயரில் பதிவாகியிருந்தது என்பதை நில அலுவலகத்து ஏடு கூறும். அந்நிலத்தில் யார் வாழ்ந்தனர் என்பதைக் கோயிலும் பள்ளிக்கூடமும் இடுகாடும் கிணறும் கூறும். இவ்விரு சான்றுகளும் ஒத்துச் செல்லும் ஊர்களில் வழக்கு எழுவது அரிது. அவை மாறுபடும் ஊர்களிலோ, நிலத்தின் பயன் மாறும் போதெல்லாம் பழைய வினாவொன்று புதிதாகத் தலைதூக்குகிறது.

மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதி அத்தகையது. குவாலா சிலாங்கூர் மாவட்டத்தின் தோட்டங்களும், அதற்குக் கிழக்கே உலு சிலாங்கூரின் தோட்டங்களும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழர் உழைத்து வாழ்ந்த இடங்கள். பால்மரமும் செம்பனையும் நின்ற நிலங்களில் புதுநகர்களும், மாளிகை போன்ற வீடுகளும், குழிப்பந்தாட்டத் திடல்களும் திட்டமிடப்பட்டபோது, அவ்விடத்தில் எதைக் கட்டலாம் என்ற விவாதம் எழுந்தது. அதனினும் ஆழமான வினா ஒன்று அதற்கு அடியில் இருந்தது. எதைக் கட்டலாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அது. அவ்வினாவின் வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கழிமுகத்து ஊர்

'குவாலா' என்னும் மலாய்ச் சொல் ஆறு கடலொடு கலக்கும் கழிமுகத்தைக் குறிக்கும். சிலாங்கூர் ஆறு கடலிற் கலக்குமிடத்தில் அமைந்த குவாலா சிலாங்கூர், பழைய சிலாங்கூர் அரசின் தலைநகராக விளங்கியது. ஊருக்கு அரணாக நிற்கும் மலாவத்திக் குன்றை 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கைப்பற்றினர். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டுக்கொண்டார். 1874ஆம் ஆண்டில் சிலாங்கூர் ஆங்கிலேய ரெசிடெண்டின் ஆலோசனைக்கு உட்பட்ட பின்னர், நிலம் பற்றிய எண்ணமே மாறத் தொடங்கியது.

அதுவரை காட்டை வெட்டித் திருத்திப் பயிரிட்டவனுக்கே நிலம் உரியது என்பது மலாய் மரபு. ஆங்கிலேயர் ஆட்சியில் 'டாரன்ஸ்' முறை என்னும் பதிவுமுறை புகுந்தது. ஆஸ்திரேலியாவில் தோன்றிய இம்முறைப்படி, பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே நிலத்திற்கு உரியவர். நீண்ட நாள் குடியிருப்பதால் மட்டும் நிலவுரிமை பிறவாது. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டமும் இக்கொள்கையின் மீதே நிற்கிறது. நிலத்தை வாங்கவும் விற்கவும் அடகு வைக்கவும் இம்முறை பேருதவி புரிந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பதிவேட்டில் பெயரில்லாமல் மூன்று தலைமுறை வாழ்ந்தவனும், நேற்று வந்து தங்கியவனும் அதன் முன் ஒரே நிலையினர்.

தென்னமரம் என்னும் பெயர்

குவாலா சிலாங்கூரிலிருந்து ஆற்றை ஒட்டி உள்நாட்டுக்குச் சென்றால் பத்தாங் பெர்ஜுந்தை என்னும் ஊர் வரும். 2007ஆம் ஆண்டு முதல் இதற்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். இவ்வூரின் அருகே ரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தை உருவாக்கியவர் ஹென்றி பொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயா வாழ்வை வைத்து அவர் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930ஆம் ஆண்டில் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. அவரது நாவலை விடவும் நிலைத்த செயல் ஒன்றுண்டு. 1917ஆம் ஆண்டில் அவர் இவ்வட்டாரத்தில் செம்பனையை வாணிகப் பயிராக நட்டார். மலாயாவின் முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. உலகச் சந்தையில் மலேசியாவுக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்த பயிரின் தொடக்கம் இங்கேதான்.

அத்தோட்டத்தின் பெயர் 'தென்னமரம்'. ஆங்கில ஏடுகளிலும் அரசாங்கப் பதிவுகளிலும் இன்றளவும் அப்பெயரே வழங்குகிறது. முதலாளி பிரெஞ்சுக்காரர், ஆட்சி ஆங்கிலேயருடையது, மண் மலாய் மண். பெயரோ தமிழ்ப் பெயர். உழைத்தவர் நாவில் வழங்கிய சொல் நிலத்தோடு ஒட்டிக்கொண்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நிலத்திற்குத் தம் மொழியில் பெயர் தந்தவர்களின் பெயர் நிலப் பதிவேட்டில் ஏறவில்லை என்பதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

வேலையோடு கட்டிய வீடு

இத்தோட்டங்களுக்குத் தமிழர் வந்த வரலாறு அன்பர்கள் பலரும் அறிந்ததே. ஒப்பந்தக் கூலி முறைக்கு 1910ஆம் ஆண்டில் முற்றுப்புள்ளி வைக்கத் தொடங்கினர். 1907ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட குடியேற்ற நிதியின் துணையோடு கங்காணிமார் தத்தம் ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்யும் வரை இப்போக்கு நீடித்தது.

வந்தவர்கள் தங்கிய இடம் லயம். வரிசையாக அமைந்த அறைகளும், முன்னே ஒரு தாழ்வாரமும், பொதுக் குழாயும், ஆயாக் கொட்டகையும், கோயிலும், பள்ளிக்கூடமும் சேர்ந்த சிற்றூராக அது வளர்ந்தது. பத்துக்குக் குறையாத பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள தோட்டத்தில் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. மலேசியத் தமிழ்ப் பள்ளிகளுள் மிகப் பல இவ்வாறு தோன்றியவை.

லயம் வெளித்தோற்றத்தில் ஊர். உள்ளமைப்பில் வேலையின் ஒரு பகுதி. விடியற்காலைப் பிரட்டில் பெயர் இருக்கும் வரை வீடும் இருக்கும். பெயர் நீங்கினால் வீடும் நீங்கும். வீட்டுக்கு வாடகை இல்லை என்பது தொழிலாளிக்குச் சலுகையாகத் தோன்றியது. வாடகை கொடுக்காதவனுக்கு வாடகைக்காரனின் உரிமையும் இல்லை என்பது பின்னரே விளங்கிற்று. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக விடவேண்டும் என்பது. தன் வீட்டுக்கு விருந்தினரை அழைக்கவும் பிறர் இசைவு வேண்டியிருந்த நிலையை இக்கோரிக்கை ஒன்றே காட்டிவிடுகிறது.

விடுதலைக்குப் பின் வந்த சட்டங்கள் வீட்டின் தரத்தை உயர்த்தின. 1966ஆம் ஆண்டின் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டமும் சுவர், கூரை, நீர், மருத்துவம் ஆகியவற்றுக்குக் குறைந்த அளவுகளை வகுத்தன. எனினும் அவை முதலாளி தன் தொழிலாளிக்குச் செய்யவேண்டிய கடமையைப் பற்றியவை. வேலை முடிந்த மறுநாள் அவ்வீடு யாருடையது என்ற வினாவை அவை தொடவில்லை.

அவசரகாலத்தில் பிரிந்த இரு வழிகள்

தோட்டத் தமிழரின் குடியிருப்பு மட்டும் ஏன் இவ்வாறு நின்றுவிட்டது என்பதற்கு அண்டை மக்களின் வரலாறு விடை தருகிறது. குவாலா சிலாங்கூருக்கு வடக்கே தஞ்சோங் காராங்கில் 1930களில் நீர்ப்பாசனத் திட்டம் எழுந்தது. சதுப்புநிலத்தைத் திருத்திய மலாய்க்காரரும் சாவகத்தாரும் பஞ்சார் மக்களும் அங்கு நெல்வயல்களுக்கு உரியவராயினர். மலாய் ஒதுக்கீட்டு நிலத்திற்கான சட்டம் 1913 முதலே நடைமுறையில் இருந்தது.

சீனருடைய குடியிருப்பு வேறு வழியில் உருப்பெற்றது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த மக்கள் பொதுவுடைமைக் கிளர்ச்சியாளருக்கு உதவாதபடி, 1950ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் சீனர். உலு சிலாங்கூரின் செரண்டா, ராசா, உலு யாம் முதலிய இடங்களில் உள்ள புதுக்கிராமங்கள் அவ்வாறு தோன்றியவையே. அக்காலத்தில் அது பெருந்துன்பம். ஆயினும் காலப்போக்கில் அவ்வீட்டு மனைகளுக்கு உரிமமும், பின்னர்க் குத்தகைப் பட்டாவும் கிடைத்தன.

அதே ஆண்டுகளில் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் இருந்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் வேலிக்குள் ஒன்றுகூட்டி வைக்கப்பட்டனர். தமிழரில் மிகப் பலர் இவ்வகையைச் சேர்ந்தவர். வேலி இருவர்க்கும் ஒன்றே. வேலிக்குள் இருந்த மண்ணின் உரிமைதான் வேறு. புதுக்கிராமம் அரசாங்க நிலத்தில் எழுந்தமையால் அரசாங்கம் பின்னர் மனை வழங்க இயன்றது. லயம் கம்பெனி நிலத்தில் நின்றமையால், வழங்குவதற்கு அரசாங்கத்தின் கையில் ஒன்றும் இல்லை. ஒரே போரில், ஒரே காரணத்திற்காக இடம்பெயர்ந்த இரு திறத்தாருள் ஒருவர்க்கு ஊர் கிடைத்தது. மற்றவர் மீண்டும் வேலையை நம்பியே இருந்தனர். பிற்காலச் சிக்கலின் வேர் இங்கே உள்ளது.

துண்டாடலும் அதற்கு எழுந்த மறுமொழியும்

1950களில் ஆங்கிலேயக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றுவிட்டுச் செல்ல முற்பட்டன. வாங்கியவர்கள் தோட்டத்தைச் சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். இதுவே 'தோட்டத் துண்டாடல்' எனப்பட்டது. ஆயிரம் ஏக்கர்த் தோட்டம் சிறு துண்டுகளானால் பள்ளிக்கூடம் யாருடைய துண்டில் நிற்கும், மருந்தகத்தை யார் நடத்துவார் என்பவற்றுக்கு விடையில்லை. மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் உங்கு அசீஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கை ஒன்றைத் தந்தார்.

தோட்ட மக்களிடையிலிருந்தும் இதற்கு மறுமொழி பிறந்தது. 1954ஆம் ஆண்டில் ஒன்றிணைந்த தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் ஊதியத்திற்கும் வேலைப் பாதுகாப்புக்கும் போராடியது. 1960ஆம் ஆண்டில் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரிடம் சிறு தொகைகளாகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டத்தை அவர்கள் பெயரிலேயே வாங்குவது அதன் நோக்கம். அச்சங்கம் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டத்தை 1961ஆம் ஆண்டில் வாங்கியது. பதிவேட்டில் பெயர் ஏறினாலன்றிக் குடிக்கு உறுதியில்லை என்னும் உண்மையை நன்குணர்ந்து செய்த முயற்சி அது. ஆனால் நாட்டிலிருந்த தோட்டங்களின் பரப்போடு ஒப்பிட்டால் கூட்டுறவு வாங்கக்கூடியது சிறு பகுதியே.

துண்டாடலைத் தடுக்க நிலச் சட்டத்தில் ஒரு விதியும் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. 40 எக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை இருவர்க்கோ இருவர்க்கு மேற்பட்டோர்க்கோ மாற்றுவதாயின், தோட்ட நில வாரியத்தின் இசைவு வேண்டும் என்பது அவ்விதி. துண்டாடலுக்கு இது தக்க தடையே. ஆனால் முழுத் தோட்டத்தையும் ஒரே கம்பெனி வாங்கினால் இவ்விதி குறுக்கே வராது. 1980களுக்குப் பின் வந்த மாற்றம் பெரும்பாலும் இவ்வாயில் வழியாகவே நுழைந்தது.

நெடுஞ்சாலையும் புதுநகரும்

1985ஆம் ஆண்டில் உலக ஈயச் சந்தை சரிந்தது. பத்தாங் பெர்ஜுந்தையில் ஈயம் வாரிய பெரும் மிதவைப் பொறிகள் ஓய்ந்தபின் எஞ்சியவை விரிந்த ஏரிகள். 2014ஆம் ஆண்டு வறட்சியில் அவ்வேரிகளின் நீரையே சிலாங்கூர் ஆற்றில் இறைத்துத் தலைநகர் வட்டாரத்தின் தாகம் தணித்தனர். ரப்பர் விலையும் நிலையற்றிருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளும் பால்வெட்டை விட்டுத் தொழிற்சாலைகளை நோக்கினர். 1994ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபோது, கோலாலம்பூரிலிருந்து ஒரு மணிநேரப் பயணத்தில் எட்டக்கூடிய நிலமாக வட சிலாங்கூர் ஆயிற்று. பயிர் தரும் வருவாயைவிட நிலத்தின் விலை பன்மடங்கு உயர்ந்தது.

விளைநிலத்தை மனைநிலமாக மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு நிலக்கட்டணம் உண்டு. ஆதலின் புதுநகர் எழுவது நிலமுடையோர்க்கு மட்டுமன்றி மாநிலக் கருவூலத்திற்கும் வருவாய். பெருகும் மக்கட்டொகைக்கு வீடு வேண்டும், வேலை வேண்டும், சாலை வேண்டும் என்று மேம்பாட்டை ஆதரிப்போர் கூறுவது முற்றும் பொய்யன்று. தோட்டத்தில் பிறந்தவர் காலமெல்லாம் தோட்டத்திலேயே இருக்கவேண்டும் என்று எவரும் வாதிடவும் இல்லை.

எனினும் கணக்கின் மறுபுறத்தையும் காணவேண்டும். 1997ஆம் ஆண்டின் ஆசிய நாணய நெருக்கடி வந்தபோது, நெடுஞ்சாலை ஓரத்தில் எழுந்த புக்கிட் பெருந்தோங், லெம்பா பெரிங்கின் ஆகிய புதுநகர்களில் வீடுகள் பல ஆளின்றிக் கிடந்தன. லெம்பா பெரிங்கினில் பங்களாக்களும் குழிப்பந்தாட்டத் திடலும் கொண்ட பெருந்திட்டம் நடுவழியில் நின்றது. பணம் படைத்தோர்க்கென எழுப்பிய வீடுகள் காலியாக நின்ற அதே உலு சிலாங்கூரில், லயத்தை விட்டு நீங்கவேண்டிய குடும்பங்கள் வீடு தேடி நின்றன. வீடு கட்டுவதும் வீடு கிடைப்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதை அவ்வாண்டுகள் காட்டின.

வேலை நீங்கிய தொழிலாளிக்குச் சட்டம் இழப்பீடு தருகிறது. 1980ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவர்க்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் ஊதியம் உரியது. முப்பதாண்டு உழைத்தவர் 600 நாள் ஊதியம் பெறுவார். உழைப்பின் இழப்பை அளக்க இது ஒரு முறை. வீட்டின் இழப்பையும், பள்ளியும் கோயிலும் அண்டை அயலும் சேர்ந்த ஊரின் இழப்பையும் அளக்க அவ்விதிகளில் அளவுகோல் இல்லை.

இருவேறு வழக்குகள்

எதைக் கட்டலாம் என்ற விவாதம் இவ்வட்டாரத்தில் இருவேறு முடிவுகளைக் கண்டிருக்கிறது. அவற்றை அருகருகே வைத்து நோக்குதல் பயன் தரும்.

முதலாவது, குவாலா சிலாங்கூர் நகரை ஒட்டிய மலாவத்திக் குன்றின் அடிவாரத்து அலையாத்திக் காடு. 1980களில் அதனைக் குழிப்பந்தாட்டத் திடலாக மாற்றும் எண்ணம் இருந்தது. மலேசிய இயற்கைக் கழகத்தார் அங்கு வந்து தங்கும் பறவைகளையும், கரையைக் காக்கும் மரங்களையும் எடுத்துக்காட்டி மாநில அரசிடம் வாதாடினர். அன்றைய மந்திரி பெசார் முகமது முகமது தாயிப் அதற்கு இணங்கினார். 1987ஆம் ஆண்டில் அவ்விடம் இயற்கைப் பூங்காவாயிற்று. பறவைகளுக்கென அங்கு ஓர் ஏரியும் வெட்டப்பட்டது. நிலத்தின் உரிமையாளர் அல்லாதார் கூறிய நியாயம் ஏற்கப்பட்டதற்கு இஃது எடுத்துக்காட்டு. அங்கு வாதத்தைக் கேட்டு முடிவு செய்யும் அதிகாரம் முழுவதும் அரசின் கையில் இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாவது, பெஸ்தாரி ஜெயாவுக்கு அப்பால் உள்ள ஐந்து தோட்டங்களின் வழக்கு. மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்பன அத்தோட்டங்கள். 1990களில் இந்நிலங்கள் மேம்பாட்டு நிறுவனத்தின் கைக்கு வந்தன. தொழிலாளர் வேலை இழந்தனர். 245 குடும்பங்கள் தமக்கு மாற்று வீடு வேண்டும் என்று கேட்டன. அவற்றுக்கென 20 ஏக்கர் நிலம் தருவது பற்றிய பேச்சு நெடுங்காலம் நடந்தது. பங்கிட்டுப் பார்த்தால் குடும்பம் ஒன்றுக்கு ஓர் ஏக்கரில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதுவும் சாலைக்கும் வடிகாலுக்கும் இடம் ஒதுக்குவதற்கு முன்பு.

அதே வட்டாரத்தில் சுங்கை திங்கியில் 750 ஏக்கர் நிலத்தில் சிலாங்கூர்க் குதிரைப்பந்தயக் கழகத்திற்குப் புதிய பந்தயத் திடல் அமைக்க 2004ஆம் ஆண்டில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. புக்கிட் தாகாரில் நகரக் குப்பையைப் புதைக்கும் பெருநிலம் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கியது. பந்தயத்திற்கும் குப்பைக்கும் வரைபடத்தில் இடம் குறிக்கப்பட்ட காலத்தில், ஐந்து தோட்டத்தாரின் வீடுகள் கூட்டங்களிலும் மனுக்களிலும் மட்டுமே இருந்தன. இக்குடும்பங்களுக்கான 'ஹார்மோனி மடானி' வீடமைப்புத் திட்டம் தொடங்கிய ஆண்டு 2025. கோரிக்கை எழுந்த நாளில் பள்ளியிற் படித்த பிள்ளைகள் அதற்குள் தாமே பெற்றோராகிவிட்டனர்.

இவ்விரு வழக்குகளின் வேறுபாட்டை மக்களின் ஊக்கக் குறைவென்று கருதுவது தவறு. ஐந்து தோட்டத்தார் காட்டிய பொறுமையும் விடாமுயற்சியும் எவர்க்கும் குறைந்தவையல்ல. வேறுபாடு சட்டத்தின் அமைப்பில் உள்ளது. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், உள்ளூர்த் திட்டம் வகுக்கப்படாத பகுதியில் புதிய கட்டடத்துக்கு விண்ணப்பம் வந்தால் அண்டை நிலங்களின் உரிமையாளர்க்கு அறிவிப்பு அனுப்பவேண்டும் என்கிறது. அவர்கள் 21 நாட்களுக்குள் மறுப்புக் கூறலாம். சட்டம் குறிப்பது உரிமையாளரை, குடியிருப்போரை அன்று. புதிய மாளிகை வீட்டை நேற்று வாங்கியவர்க்கு அடுத்த மனையில் எழும் கட்டடம் பற்றி வாய் திறக்க இடமுண்டு. அம்மனையிலேயே அறுபதாண்டு வாழ்ந்த லயத்துக் குடும்பத்திற்கு அவ்வழியில் இடமில்லை. அவர்களுக்கு எஞ்சியவை மனு, பேச்சுவார்த்தை, நீதிமன்றம், தேர்தல் ஆகியவையே. இஜோக் சட்டமன்றத் தொகுதியில் 2007ஆம் ஆண்டில் நடந்த இடைத்தேர்தலின்போது நாட்டின் தலைவர்கள் எல்லாரும் இத்தோட்டச் சாலைகளில் நடந்தனர். வாக்கு மட்டுமே பட்டாவுக்கு ஈடாக நின்ற நாட்கள் அவை.

குடியிருப்போரிடையேயும் விவாதம் இல்லாமல் இல்லை. பணத்தைப் பெற்றுக்கொண்டு நகர்க்குச் செல்வோம் என்பார் ஒரு சாரார். அடுக்குமாடி போதும் என்பார் சிலர். மண்ணில் நிற்கும் வீடே வேண்டும், கோயிலும் பள்ளியும் உடன் வரவேண்டும் என்பார் வேறு சிலர். இளைஞருக்கும் முதியோருக்கும் கருத்து வேறுபடுவதுண்டு. இது இயல்பே. எந்த ஊரிலும் மக்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. அக்குரல்கள் பதிவாக ஒரு மன்றம் இருந்ததா என்பதே கேட்கத்தக்க வினா.

கடல் கடந்த ஒப்புமைகள்

இச்சிக்கல் மலேசியத் தமிழருக்கு மட்டும் உரியதன்று. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. நிலம் அரசின் கைக்கு வந்தமையால், பிற்காலத்தில் குடும்பத்துக்கு 7 பேர்ச், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி, நிலத்தில் தனிவீடு என்னும் கொள்கையை அங்கு வகுக்க முடிந்தது. இந்திய அரசின் உதவியோடும் வீடுகள் எழுந்தன. ஆயினும் லயத்தில் வாழ்வோர் அங்கு இன்னும் மிகப் பலர்.

தமிழ்நாட்டில் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை மற்றொரு சான்று. சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 1929ஆம் ஆண்டில் 99 ஆண்டுக் குத்தகையாகப் பெற்ற 8,374 ஏக்கரில் எழுந்த தேயிலைத் தோட்டம் அது. குத்தகை முடியும் ஆண்டு 2028. அதற்கு முன்னரே, 2024ஆம் ஆண்டில் தொழிலாளர் விருப்ப ஓய்வு பெற்று வெளியேறும்படி கேட்கப்பட்டனர். அங்கு நிலம் மாளிகை வீடுகளுக்குச் செல்லவில்லை, காட்டுக்கே திரும்பவேண்டியது. காட்டைக் காப்பது நல்ல நோக்கம். குழிப்பந்தாட்டத் திடலாயினும் புலிகள் காப்பகமாயினும், லயத்தில் வாழ்ந்தவர்க்கு எழும் வினா ஒன்றே. நிலத்தின் அடுத்த பயன் எதுவாயினும், அவர்கள் அதன் கணக்கில் இடம்பெறுவது இறுதியில்தான்.

எஞ்சியிருக்கும் சான்றுகள்

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்றுண்டு. புதுநகர்கள் எழுந்தமை மட்டும் தோட்ட மக்களின் இடர்ப்பாட்டுக்குக் காரணமன்று. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்த பழைய ஏற்பாடு, நிலம் கைமாறிய ஒவ்வொரு முறையும் அவர்களை ஊரற்றவராக்கியது. ஆதலின் தோட்டம் விற்கப்படும் முன்னரே குடியிருப்புக்கெனத் தனி மனை பிரித்துப் பதிவதும், நிலப்பயன் மாற்றத்துக்கு அனுமதி வழங்கும்போதே அவ்வீடுகள் முதலில் கட்டிமுடிக்கப்படவேண்டும் என்று நிபந்தனை விதிப்பதும் பயன்தரும் வழிகளாகும். அனுமதி வழங்கியபின் மன்றாடுவது காலங்கடந்த செயல் என்பதை ஐந்து தோட்டத்து வழக்கு உணர்த்துகிறது.

குடியிருப்பை மெய்ப்பிக்கும் சான்றுகளும் மிக இன்றியமையாதவை. இவ்வகையில் தமிழாசிரியர் பங்கு பெரிது. மலேசியத் தமிழ்ப் பள்ளிகள் பலவற்றின் பெயரில் தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' என்னும் மலாய்ச் சொல் இன்றும் உண்டு. அவற்றுட் சிலவற்றைச் சூழ்ந்து இன்று ஒரு பால்மரமும் இல்லை. வீடுகளும் கடைகளுமே உள்ளன. எனினும் அப்பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், தந்தை பெயர், தோட்டத்தின் பிரிவு, சேர்ந்த நாள் ஆகியவை இருக்கும். கோயில் திருவிழாக் கணக்கிலும், இடுகாட்டுக் கல்லிலும் அப்பெயர்கள் மீண்டும் தோன்றும். நில அலுவலகத்து ஏட்டில் இடம்பெறாத ஒரு மக்களின் பதிவேடு இவ்வாறு பல இடங்களிற் சிதறிக் கிடக்கிறது.

தோட்டம் மூடப்பட்டுப் பள்ளி இடம்மாறும் வேளையில் முதலில் தொலைவது இத்தாள்களே. அவற்றைத் திரட்டிப் படியெடுத்து, ஊர்வாரியாக அடுக்கி வைப்பது அரிய பணியன்று. ஒரு பள்ளியின் ஆசிரியரும் பழைய மாணவரும் சில மாதங்களில் செய்து முடிக்கத்தக்கதே. ஆராய்ச்சியாளர்க்கு அது வரலாற்று மூலமாகும். நாளை ஒரு குடும்பம் தான் எத்தனை தலைமுறை அங்கு வாழ்ந்தது என்று ஒரு விசாரணையில் கூறவேண்டி வந்தால், அத்தாள் அதன் கையில் இருக்கும்.